நீல மூடிக் குழாய்: நான்கு மாதக் குழந்தையின் மூளையில் ஒரு அனியூரிசம்

அனியூரிசம் என்றால் தமனியின் சுவர் ஓரிடத்தில் புடைத்துப் பிதுங்குவது. குழந்தையின் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐப்பசி கடைசி வாரம். விடிய விடிய மழை. காலை பத்து மணிக்கு ஆட்டோவிலிருந்து மூன்று பேர் நனைந்துகொண்டே இறங்கினார்கள்: தாய், தாயின் அம்மா, துண்டில் சுற்றிய நான்கு மாத ஆண் குழந்தை. பேசியது அம்மாச்சிதான்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரே அழுவ டாக்டரம்மா. உரம் விழுந்திருக்கும்னு காலைல கொண்டுபோய் எடுத்துட்டு வந்தோம். எடுத்தொடனே அடங்கிட்டான். நல்லாத் தூங்குறானேன்னு தூளில போட்டா, கை வெட்டி வெட்டி இழுக்குது."

இந்த மூன்று வரிக்குள் நோயின் கதை பெரும்பாலும் வந்துவிட்டது. அழுகை முதலில். வாந்தி அதோடு சேர்ந்து மூன்று முறை, குடித்த பால் அப்படியே. பிறகு உரம் எடுத்தது. பிறகு அமைதி. கடைசியில் வலிப்பு. வரிசையை நான் திரும்பத் திரும்பக் கேட்டு, மணி போட்டு எழுதிக்கொண்டேன். எது முன்னால், எது பின்னால் என்பது பின்னர் பெரிய கேள்வியாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது, பழக்கத்தில் செய்ததுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக உரம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை காரணம் தெரியாமல் அழுதால், தூக்கும்போது எங்கோ பிசகிவிட்டது என்று நினைத்து, சேலையில் கிடத்தி இரண்டு பக்கமும் பிடித்து இப்படியும் அப்படியுமாக உருட்டுவார்கள். டெல்டாவில் இன்றைக்கும் தெருவுக்கு ஒருவர் இதற்கு இருக்கிறார். பெரும்பாலான குழந்தைகள் அதற்குப் பிறகு தூங்கிவிடும். இந்தக் குழந்தையும் "தூங்கியது". அது தூக்கம் இல்லை, நினைவு மங்கியது. அழுகிற குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கினால் நிம்மதி. பால் குடிக்காமல், எழுப்பினாலும் கண்ணை முழுதாகத் திறக்காமல் கிடந்தால், அழுகையைவிட ஆபத்தான நிலை அது.

எடை 6.1 கிலோ. நாடி நிமிடத்துக்கு 168. காய்ச்சல் இல்லை என்றே சொல்லலாம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. வலது கையும் வலது கன்னமும் ஒரே தாளத்தில் துடித்தன. இடது கால் உதைத்தது, வலது கால் சும்மா கிடந்தது.

அப்புறம் உச்சிக்குழி. மருத்துவ மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்: உங்கள் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள், அமைதியாக நிமிர்த்திப் பிடித்திருக்கும் குழந்தையின் உச்சிக்குழி அப்படித்தான் இருக்க வேண்டும். மூக்கு நுனி மாதிரி இருந்தால் யோசியுங்கள். நெற்றி மாதிரி இருந்தால் ஓடுங்கள். இவனை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் தொட்டேன். நெற்றி மாதிரி இருந்தது. விரலுக்கு அடியில் எப்போதும் தெரியும் துடிப்புகூட இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்தவை: பிராணவாயு, சர்க்கரை அளவு (104, இயல்பு), வலிப்பை நிறுத்த மிடசோலம், வலிப்பு நின்றதும் அது திரும்ப வராமலிருக்க லெவெட்டிராசெட்டம். மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு டோஸ் செஃப்ட்ரையாக்ஸோன். உச்சிக்குழி இப்படி இருக்கும்போது ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கூடாது, அதனால் எடுக்கவில்லை. வைட்டமின் கே 1 மில்லிகிராம் ரத்தக்குழாய் வழியாகப் போட்டேன். போடுவதற்கு முன்பாக, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து நேரத்தைக் குறித்து வைத்தேன்.

ஏன் இந்த வரிசை? ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை, திடீரென்று வெளுத்து, வலிப்பு வந்து, உச்சிக்குழி உப்பி வந்தால், எங்கள் பக்கத்தில் முதலில் நினைக்க வேண்டியது வைட்டமின் கே குறைவால் வரும் மூளை ரத்தக்கசிவு. தாய்ப்பாலில் அந்த வைட்டமின் மிகக் குறைவு. பிறந்தவுடன் போடும் ஊசி அதைத் தடுக்கும். அது விட்டுப்போன குழந்தைகளில்தான் பெரும்பாலும் இது வரும். வைட்டமின் கே உள்ளே போன சில மணி நேரத்தில் ரத்தம் உறையும் நேரம் சரியாகத் தொடங்கிவிடும். ஊசிக்குப் பிறகு எடுத்த ரத்தம் இயல்பாக இருந்தால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஊசிக்கு முன் எடுத்த ரத்தம் சொல்லும்.

108 வந்தது. அதற்குள் தாயிடமிருந்து தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஈரத்தில் ஓரம் கசிந்திருந்தாலும், பிறந்த அன்று வைட்டமின் கே போட்டதற்கான குறிப்பு தெளிவாக இருந்தது. பதினான்காவது வார பெண்டாவேலன்ட் தடுப்பூசி இரண்டு வாரம் முன்பு போடப்பட்டிருந்தது. "அந்த ஊசி போட்டதிலேர்ந்துதான்" என்று தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இல்லை என்று அப்போதே சொன்னேன். இடையில் பதினாறு நாள் பிள்ளை நன்றாகப் பால் குடித்து, சிரித்து, குப்புற விழ முயன்றிருக்கிறான். சந்தேகத்தை அங்கேயே தீர்த்துவைக்காவிட்டால், அடுத்த வாரம் அந்த ஊரில் ஒரு குழந்தைக்கும் தடுப்பூசி போட்டிருக்க மாட்டார்கள். வீடு வீடாக நடக்கிற கிராம சுகாதார செவிலியர் பழியைச் சுமந்திருப்பார்.

தஞ்சாவூர் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சாலையில் தண்ணீர்.

சிடி ஸ்கேனில் மூளையின் இடது பக்கம், சில்வியன் பிளவு எனும் பள்ளத்தில் ரத்தம் நிறைந்திருந்தது. பக்கத்தில், மூளையின் பொட்டு மடலுக்குள்ளும் ஒரு ரத்தக்கட்டி. ஹீமோகுளோபின் 7.2, மிகக் குறைவு. பெரியவர்களின் மண்டைக்குள் இவ்வளவு ரத்தம் கசிய இடம் கிடையாது. அழுத்தம் ஏறி அதற்கு முன்பே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் சேராததால் மண்டை விரிந்து கொடுக்கும். அது ஒரு பாதுகாப்பு. குழந்தை சோகையாகிற அளவு ரத்தம் உள்ளே கசிந்தும் தாமதமாகவே தெரிவது அதே பாதுகாப்பின் மறுபக்கம்.

அங்கே முதலில் எழுதப்பட்ட முடிவு வைட்டமின் கே குறைவு. அட்டையில் ஊசிக் குறிப்பு இருந்தும் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாலை ஐந்து மணிக்கு நீல மூடிக் குழாயின் முடிவு என் கைக்கு வந்தது. உறையும் நேரங்கள் இரண்டும் இயல்பு. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 3.8 லட்சம், அதுவும் இயல்பு. ஊசிக்கு முன்பே ரத்தம் சரியாக உறைந்துகொண்டிருந்த குழந்தை அவன். அப்படியானால் கசிவு ரத்தத்தின் குறையால் வரவில்லை, ரத்தக்குழாயில்தான் ஏதோ இருக்கிறது. உடனே வார்டுக்கு போன் செய்தேன். அங்கே இருந்த இளம் ரேடியாலஜிஸ்ட் படத்தை மறுபடி திறந்து பார்த்துவிட்டு, ரத்தக்கட்டிக்கு நடுவே உருண்டையாக ஒரு நிழல் வேறு மாதிரி இருப்பதாகச் சொன்னார். அன்றிரவே மருந்து செலுத்தி, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ எடுத்தார்கள். நடு மூளைத் தமனியின் ஒரு கிளையில், அது மூளையின் மேற்பரப்பை நோக்கித் தூரம் போய்ப் பிரியும் இடத்தில், 9 க்கு 7 மில்லிமீட்டரில் ஒரு புடைப்பு. 6 கிலோ பிள்ளையின் மூளைத் தமனியில் 9 மில்லிமீட்டர் என்பது, சைக்கிள் டியூபில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பிதுங்கின மாதிரி.

கைக்குழந்தைக்கு ஏன் அனியூரிசம்

இந்தக் கேள்வியைத் தந்தை கேட்டார். நடவு வேலையை விட்டுவிட்டு அன்றிரவு வந்து சேர்ந்தவர். "எங்க அத்தைக்கு அறுபது வயசுல வந்துச்சு, அது பிரஷர்னாங்க. இவனுக்கு என்னம்மா பிரஷர்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேருக்கு மூளைத் தமனியில் ஏதோ ஒரு புடைப்பு இருக்கும், பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது. பல பத்தாண்டுகள் ரத்தம் மோதி மோதி, குழாய்கள் பிரிகிற கவட்டையில் சுவர் தேய்ந்து உண்டாவது அது. ரத்த அழுத்தமும் புகையும் அதைக் கூட்டும். நான்கு மாதப் பிள்ளைக்குத் தேய்மானத்துக்கு நேரமே இல்லை. அவனுக்கு வந்தது வேறு வகையான நோய், பெயர் மட்டும் ஒன்று. மூளைத் தமனிகளுக்கு இயல்பிலேயே சுவர் மெல்லியது. உடம்பின் மற்ற தமனிகளுக்கு இருக்கும் வெளிப்புற மீள்தகட்டு அடுக்கு இவற்றுக்குக் கிடையாது. உள் அடுக்கு மட்டும்தான். அந்த ஒன்று எங்காவது கிழிந்தாலோ பிறவியிலேயே குறைபட்டிருந்தாலோ சுவர் பிதுங்கும். கிருமி தொற்றிய இதய வால்விலிருந்து உடைந்து வரும் துணுக்கு சிறு கிளையில் சிக்கி, அந்த இடத்தை அரித்துப் புடைப்பாக்குவதும் உண்டு. அடிபட்டும் வரலாம். பலரில் காரணம் கிடைக்காது.

எல்லா வயதினரின் மூளை அனியூரிசங்களையும் சேர்த்தால், குழந்தைகளுடையது 5 சதவீதத்துக்கும் கீழே. ஒரு வயதுக்குள் இன்னும் அபூர்வம். கைக்குழந்தைகளில் இது பெரும்பாலும் நடு மூளைத் தமனியில்தான் வருகிறது, பெரியவர்களைவிட அளவில் பெரியதாக இருக்கிறது, கவட்டையை விட்டு விலகிய தூரக் கிளைகளிலும் வருகிறது. இவனுக்கு மூன்றுமே பொருந்தின.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். "கேலன் சிரை அனியூரிசம்" என்று ஒன்று கைக்குழந்தைகளில் உண்டு. படித்த பெற்றோர் போனில் தேடி அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். அது தமனியின் புடைப்பே கிடையாது. தமனிகள் நேரே ஒரு சிரைக்குள் கொட்டுவதால் சிரை பெருத்துப்போகும் பிறவிக் கோளாறு. பிறந்த குழந்தைக்கு இதயம் திணறும், தலை வளரும். போக்கும் சிகிச்சையும் வேறு.

காரணம் தேடியதில்: இதய எக்கோ இயல்பு. மூன்று முறை எடுத்த ரத்தத்தில் கிருமி வளரவில்லை. தொடை மடிப்பில் நாடி இரண்டு பக்கமும் நன்றாகக் கிடைத்தது, அதனால் பெருந்தமனிச் சுருக்கம் இல்லை. சிறுநீரகங்களில் நீர்க்கட்டி இல்லை.

இன்னும் இரண்டு சோதனைகள் இருந்தன. கண்ணின் விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, எலும்புகள் முழுவதையும் எக்ஸ்ரே எடுப்பது. காரணமில்லாத மூளை ரத்தக்கசிவோடு வரும் எந்தக் கைக்குழந்தைக்கும், யாராவது பலமாகக் குலுக்கியிருக்கிறார்களா என்று பார்த்தே ஆக வேண்டும். யாரோ ஒருவர் நடைபாதையில் நின்றபடி தாயிடம் "யாராவது அடிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் தஞ்சாவூர் போனபோது பக்கத்தில் உட்காரவைத்து, இந்தச் சோதனையை யார் வீட்டுக் குழந்தைக்கும் செய்வோம், என் பேரனாக இருந்தாலும் செய்வோம் என்று சொன்னேன். கேட்க வேண்டிய கேள்விதான், நிற்கவைத்துக் கேட்கக் கூடாது. கண்ணும் எலும்பும் சுத்தமாக இருந்தன.

அம்மாச்சிக்கு வேறு பயம். "நான் உரம் எடுக்கக் கொண்டுபோனதாலதான் வெடிச்சுச்சா?" அழுகையும் வாந்தியும் முந்தின நாள் மாலையே தொடங்கியதை மணியோடு எழுதியிருந்த தாளைக் காட்டினேன். கசிவு அப்போதே தொடங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே கசிந்த குழாயோடு ஒரு குழந்தையை உருட்டுவது நல்லதில்லை என்பதையும், இரவே வந்திருந்தால் பதினைந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

விட்டால் என்ன ஆகும்

வெடித்த அனியூரிசத்தைத் தொடாமல் விட்டால் அதன் போக்கு எப்படி இருக்கும்? நான் படித்த காலத்தில் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிட்டது: மறுபடி கசியும். மறுகசிவின் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம், அடுத்த வாரங்களிலும் தொடரும், இரண்டாவது கசிவு முதலாவதைவிடக் கொடியது. இது பெரியவருக்கும் குழந்தைக்கும் பொது. அதனால்தான் கண்டுபிடித்ததும் அடைக்கப் பார்க்கிறோம்.

ஆனால் குழந்தைகளில் போக்கு இரண்டு மூன்று வழியாகப் பிரிகிறது. சில புடைப்புகள் வெடிக்காமல் வாரக்கணக்கில் வளர்ந்து 25 மில்லிமீட்டரைத் தாண்டி, கட்டி போல மூளையை அழுத்தும். சில, உள்ளே ரத்தம் தேங்கி உறைந்து தாமாகவே மூடிக்கொள்ளும். இந்தத் தானாக மூடுதல் பெரியவர்களைவிடக் குழந்தைகளில் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. மூடினது அப்படியே மூடிக்கிடக்கலாம். மறுபடி திறக்கவும் செய்யலாம். இந்தக் கடைசி வரியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். இவனைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

மூன்றாம் நாள் இவனை வெளிமாவட்டத்தில் மூளை ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் மையத்துக்கு மாற்றினார்கள். காப்பீட்டு அட்டை இருந்தது, முதலமைச்சர் திட்டத்தில் அனுமதி கிடைத்தது. ஆறாம் நாள் மயக்க மருந்து கொடுத்து, தொடை வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்தார்கள். அன்றே அடைத்துவிடுவது திட்டம். படத்தில் புடைப்பு இல்லை. தமனிக் கிளை மெலிந்து சுருங்கியிருந்தது, புடைப்பு இருந்த இடத்தில் மருந்து நுழையவே இல்லை. உறைந்து மூடிவிட்டது.

என்ன செய்வது என்று அன்று நடந்த விவாதம் நீளமானது. கபாலத்தைத் திறந்து எடுத்துவிடலாம் என்றது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தக் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் கிலோவுக்கு 80 மில்லி வீதம் அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு பால் பாக்கெட். அறுவை மேசையில் ஒரு டம்ளர் ரத்தம் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சுருங்கிய குழாய்களுக்கு நடுவே, வீங்கிய மூளையில், மூடிக்கிடப்பதைத் தேடிப் போக வேண்டுமா? பொறுப்பது என்று முடிவானது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பத்து வாரம் கழித்து எம்ஆர் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைப் பார்க்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்) என்று சீட்டில் எழுதினார்கள். ரத்தக்கசிவுக்குப் பின் மூளையில் நீர் தேங்குகிறதா என்று வாரம் ஒருமுறை தலைச்சுற்றளவை அளப்பது என் வேலை. அந்த நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் தேவைப்படவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாச்சி வைத்தீஸ்வரன்கோவிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தார். "தையல்நாயகி அடைச்சுட்டா டாக்டரம்மா." அவர் நம்பிக்கையை நான் தொடவில்லை. பொங்கல் முடிந்ததும் ஸ்கேனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கையில் அடித்துச் சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டேன். நல்ல வேளை. தை பிறந்தபோது சம்பா அறுப்பு ஆரம்பித்துவிட்டது. பிள்ளை நன்றாகச் சிரிக்கிறான், தவழப் பார்க்கிறான், அறுப்பு மிஷின் கிடைக்கிற நாளில் வயலை விட்டு எப்படி வருவது என்று தந்தை தள்ளிப்போட்டார். சத்தியம் செய்தவர் விடவில்லை. மகளையும் பேரனையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தானே கிளம்பிவிட்டார்.

எம்ஆர் ஆஞ்சியோவில் புடைப்பு பாதி திறந்திருந்தது. 5 மில்லிமீட்டர். அதே கழுத்து, அதே கிளை. ஒரு அறிகுறியும் இல்லை. உச்சிக்குழி பஞ்சு மாதிரி மெத்தென்றுதான் இருந்தது. ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால், அடுத்த கசிவில்தான் தெரிந்திருக்கும்.

மாசியில், ஏழு மாதம் முடிந்து 7.4 கிலோ இருந்தபோது சிகிச்சை நடந்தது. தொடைத் தமனி வழியாக முடியளவு குழாயை மூளைக் கிளை வரை கொண்டுபோய், உறையும் பசையால் புடைப்பையும் அதைத் தாங்கிய கிளையையும் சேர்த்தே அடைத்தார்கள். கிளையை அடைத்தால் அந்தப் பகுதி மூளை சாகாதா என்று தந்தை கேட்டார். இந்த வயதில் பக்கத்துக் கிளைகள் மேற்பரப்பு வழியாக ரத்தம் கொண்டுவந்து சேர்ப்பது பெரியவர்களைவிட நன்றாக நடக்கும். ஒரு வாய்க்கால் அடைபட்டால் பக்கத்து வயல் மடை வழியாகத் தண்ணீர் வந்து பாய்வதைப் பார்த்தவர் அவர். அதை வைத்துச் சொன்னதும் புரிந்துகொண்டார். மருந்தின் அளவையும் கதிர்வீச்சையும் எண்ணி எண்ணிச் செலவழித்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார்கள்.

இப்போது அவனுக்கு மூன்று வயது. வலிப்பு மருந்தை இரண்டு வயதில் மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டோம், திரும்ப வரவில்லை. பேச்சு தாராளம். ஒன்றரை வயதில் நடந்தான். வலது கை மட்டும் கொஞ்சம் மந்தம். பத்து மாதத்திலேயே எதை நீட்டினாலும் இடது கையால் பறித்தான். அந்த வயதில் ஒரு கையை மட்டும் விரும்பினால் மற்றக் கையில் பலம் குறைவு என்று பொருள், பிள்ளை இடக்கைக்காரன் என்று இல்லை. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி கொடுத்தார்கள்: விளையாடும்போது இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எடுக்க வைப்பது. அம்மாச்சிக்கு இது எளிதாகப் போயிற்று. சோத்தாங்கையால்தான் சாப்பிட வேண்டும் என்று அவர் ஏற்கெனவே பிடிவாதமாக இருந்தவர். போன வாரம் என் அறையில், மேசையிலிருந்த பிஸ்கெட்டை வலது கை விரல்களால் எடுக்க மூன்று முறை முயன்றான். நான்காம் முறை எடுத்து, பாதியை அம்மாச்சி வாயில் வைத்தான்.

மூன்று வயது எம்ஆர் ஆஞ்சியோவில் அடைத்த இடம் மூடியே இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் அனியூரிசம் வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து வேறு இடத்தில் புதிதாக வரலாம் என்பதால் மற்ற தமனிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்; புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்த படம் ஐந்து வயதில், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன். தேதியை அம்மாச்சி ரேஷன் கார்டு உறையின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.